பி.இ.க்கு அப்புறம் 'கேட்' தேர்வா, ஜெர்மனியா, அமெரிக்காவா? படிவத்தை வைத்து ஒரு கணக்கு

ஆகஸ்ட் மாதம் ஏழாவது செமஸ்டர் தொடங்கிய இரண்டு வாரத்தில் இறுதியாண்டுப் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

"மேம், ஒரு டவுட்."

பாடத்தில் வந்த டவுட் என்றால் வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். "மேல படிக்கலாம்னு இருக்கேன் மேம். எதுக்கு அப்ளை பண்றதுன்னு தெரியல." தென் மாவட்டத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. துறையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியின் வார்த்தைகூட மாறுவதில்லை. போன ஆகஸ்டில் ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கேட், அதாவது எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வு, எழுதலாமா என்றாள். ஒருத்தன் ஜெர்மனி என்றான். இன்னொருத்தன் எம்.எஸ்., அமெரிக்கா, லோன் எல்லாம் அப்பா பேசிவிட்டார் என்றான்.

இதை ஒப்பிடுகிறவர்கள் பொதுவாகக் கட்டணம், ரேங்கிங், படித்து முடித்தால் கிடைக்கும் சம்பளம் மூன்றையும் பார்ப்பார்கள். அவை தேவைதான். ஆனால் நான் பிள்ளைகளிடம் முதலில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அந்த வழி உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது படிவத்திலேயே தெரிந்துவிடும். கேட் படிவம் ஒரு எழுத்தர் வேலை. பிழையில்லாமல் நிரப்பிவிட்டால் மீதியை மதிப்பெண் பார்த்துக்கொள்ளும். ஜெர்மன் படிவம் உங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அமெரிக்கப் படிவத்தில் படிவமேதான் பரீட்சை. இந்த மூன்றில் எந்த வேலை உங்களுக்கு வரும் என்பதுதான் முதல் கேள்வி.

கேட்: ஒரு தேர்வு, அதற்குப் பிறகு பல வரிசைகள்

கேட் இணையதளம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து நடத்துகின்றன. 2026 தேர்வு குவாஹாட்டி ஐ.ஐ.டி.யின் முறை. அதற்குக் கட்டணம் 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் 1,000. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "இன்னும் சிலபஸ் முடியல மேம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். முடியாவிட்டால் என்ன, ஒருமுறை அந்த மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவனுக்கும் பார்க்காதவனுக்கும் அடுத்த வருடம் தெரியும் வித்தியாசம்.

எழுதி முடித்த பிறகுதான் குழப்பம். கேட் மதிப்பெண்ணை வைத்துப் போகும் வழி ஒன்றல்ல, மூன்று. ஐ.ஐ.டி.க்களுக்கும் ஐ.ஐ.எஸ்.சி.க்கும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். அவர்கள் தரும் சீட் மட்டும் சி.ஓ.ஏ.பி. என்ற பொதுத் தளத்தில் வந்து நிற்கும். அங்கே ஏற்று முடிக்கலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம், வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். வேண்டாமென்ற சீட் திரும்ப வராது. சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் நல்ல மதிப்பெண்ணோடு சி.ஓ.ஏ.பி.யில் மட்டும் பதிந்துவிட்டு, மே மாதம் முழுக்கத் தினமும் இரண்டு முறை லாகின் செய்து பார்த்தான். எந்த ஐ.ஐ.டி.யின் தளத்திலும் அவன் விண்ணப்பித்திருக்கவில்லை. சி.ஓ.ஏ.பி. வெறும் தபால் பெட்டி. கடிதம் போட ஆள் இருந்தால்தானே வந்து விழும்?

என்.ஐ.டி.க்கள், ஐ.ஐ.ஐ.டி.க்கள், வேறு சில மத்திய நிறுவனங்களுக்கு சி.சி.எம்.டி. கலந்தாய்வு. இது நம் பிள்ளைகளுக்குப் பழகிய பொறியியல் கவுன்சலிங் மாதிரிதான்: ஒரே பதிவு, சாய்ஸ் ஃபில்லிங், கணினி ஒதுக்கீடு. பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் பட்டப்படிப்பில் 6.5 சி.ஜி.பி.ஏ. அல்லது 60 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 6.0 அல்லது 55. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் வரிசையைத் தீர்மானிப்பது கேட் மதிப்பெண். அரியர் வைத்து எழுதிப் பாஸானவர்களுக்கு கேட், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றில் கேட்தான் நியாயமான வழி என்று நான் நினைப்பது இதனால்தான். இரண்டாம் செமஸ்டரில் மேத்ஸில் விழுந்த கதையை யாரும் கிளற மாட்டார்கள்.

இந்த வழியில் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பி.சி., எம்.பி.சி. என்று தமிழ்நாடு அரசு தரும் நிரந்தர சாதிச் சான்றிதழ் வீட்டில் லேமினேட் செய்து பீரோவில் இருக்கும். கேட் படிவத்தில் ஓ.பி.சி. என்று தட்டிவிட்டுத் தைரியமாக இருப்பார்கள். ஆனால் மத்திய நிறுவனச் சேர்க்கைக்கு அது செல்லாது. மத்திய அரசின் வடிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று எழுதிய ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் சேர்க்கை நடக்கும் வருடத்தின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அதாவது மார்ச்சில் கேட் ரிசல்ட் பார்த்த கையோடு ஏப்ரல் முதல் வாரம் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வர நாளாகும். தேர்தல் வருடமானால் கேட்கவே வேண்டாம். சான்றிதழ் கைக்கு வராமல் பொதுப் பிரிவில் நின்று, கிடைக்க வேண்டிய கிளையை விட்டவர்களை எனக்குத் தெரியும். கேட்டுக்கு ஆறு மாதம் படித்துவிட்டு இதில் போனால் மனசு ஆறாது.

மூன்றாவது நம் டான்கா, தமிழ்நாட்டின் எம்.இ. சேர்க்கைக் கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகமும் அரசு, உதவிபெறும், தனியார் கல்லூரிகளும் இதில் வரும். இதற்கு 2023 முதல் சீட்டா பி.ஜி. என்ற தேர்வு இருக்கிறது. அதற்கு முன் எம்.இ.க்கும் டான்செட் என்ற மாநில நுழைவுத் தேர்வுதான். கேட் மதிப்பெண் உள்ளவர்களும் டான்காவில் விண்ணப்பிக்கலாம். "அப்படின்னா எதுக்கு மேம் கேட், சீட்டாவே ஈசியா இருக்கே?" என்பார்கள். ஈசிதான். ஆனால் கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரமுள்ள கல்லூரியில் எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதிகபட்சம் 24 மாதத்துக்கு. கூட்டினால் 2,97,600. அதே வகுப்பில் அதே பெஞ்சில் சீட்டாவில் வந்தவருக்கு அது கிடையாது. எங்கள் கல்லூரி எம்.இ. வகுப்பிலேயே மாதக் கடைசியில் இந்த இரண்டு ரகமும் கண்ணுக்குத் தெரியும்.

எம்.எஸ்சி. போகிறவர்களுக்கு ஜாம் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-இல் வந்த கியூட் பி.ஜி. தேர்வு என்று வேறு வரிசைகள். அவையும் இதே ரகம்தான், மதிப்பெண் பேசும்.

ஜெர்மனி: காகிதம் பேசும்

ஜெர்மனி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "ஃபீஸ் இல்ல மேம்" என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் அங்கேதான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை 2024 குளிர்காலத்திலிருந்து நம்மிடம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக செமஸ்டர் பங்களிப்புத் தொகையோடு முடிந்துவிடும்.

கட்டணம் இல்லை என்பதால் பணம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்டில் ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போனபின் அதே பணம் மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும், செலவாகிற பணம்தான். ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரே மூச்சில் திரட்ட வேண்டும். விவசாயக் குடும்பத்துக்கும் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் இந்த "ஒரே மூச்சு" தான் பிரச்சினை.

இனி காகிதம். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். உங்கள் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் நிஜமானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தரும். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை நேரே வாங்காமல் பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் என்ற விண்ணப்பச் சரிபார்ப்பு அமைப்பு வழியாக வாங்குகின்றன. ஒரு செமஸ்டருக்கு முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பச் சொல்கிறார்கள். ஜூலை 15 கடைசித் தேதி என்றால் நம் ஆட்கள் ஜூலை 14 இரவு உட்காருவார்கள். ஏதாவது காகிதம் குறைகிறது என்று அவர்கள் எழுதும்போது, குறையைத் தீர்க்க நாள் இருக்காது.

அப்புறம் மதிப்பெண் மாற்றம். என்னிடம் ஜெர்மனி கேட்டு வருகிறவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது. ஜெர்மனியில் 1 என்பது முதல் தரம், 4 என்பது பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.வை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு; பவேரியன் ஃபார்முலா என்பார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8.0 எடுத்தவர், பாஸ் 5 என்றால்: இரண்டை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கினால் 1.2, ஒன்றைக் கூட்டினால் 2.2. அதே 8.0, பாஸ் 6 என்றால் 2.5.

இந்த 5-ஆ 6-ஆ என்பது வெட்டி ஆராய்ச்சி இல்லை. அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) சி கிரேடு உண்டு, அதற்கு 5 புள்ளி. 2017 ரெகுலேஷனில் சி கிரேடே கிடையாது, பாஸின் அடிமட்டம் பி, 6 புள்ளி. அண்ணனும் தம்பியும் ஒரே கல்லூரியில் ஒரே 8.0 எடுத்திருந்தாலும், மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் கட்டத்தை வைத்து ஜெர்மனியில் அண்ணன் 2.5, தம்பி 2.2. நிறையப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. சீனியர் ஒருவர் "எட்டு இருந்தா போதும்டா" என்று சொன்னதை நம்பி யாரும் 75 யூரோ கட்டக்கூடாது. உங்கள் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாகப் பாடத்திட்டப் பொருத்தம். நீங்கள் படித்த ஒவ்வொரு பாடமும் அவர்கள் இளங்கலையில் எதற்கு ஈடு என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயன்ஸ் என்று போனால் இங்கேதான் கதவு மூடும். "ஆன்லைன்ல கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வச்சிருக்கேன் மேம்" என்பது பெரும்பாலும் எடுபடாது. அமெரிக்கா இதில் கொஞ்சம் தாராளம். ஜெர்மானியர்கள் கட்டம் கட்டிப் பார்க்கிறவர்கள்.

அமெரிக்கா: படிவமே பரீட்சை

அமெரிக்காவில் வரிசை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கும் அதனதன் தளம், அதனதன் கேள்வி, அதனதன் பணம். கட்டணம் பல இடங்களில் 75 முதல் 125 டாலர். எட்டு இடத்துக்குப் போட்டால், சராசரி 100 டாலர், டாலர் 85 ரூபாய் என்றே வைத்தாலும் 68,000 ரூபாய். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. பல துறைகள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டன. ஆங்கிலத் தேர்வு மட்டும் தப்பாது. சேர்க்கை கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் எதுவும் திரும்பாது. கேட்டில் 2,000 ரூபாயோடு போவது இங்கே லட்சத்தை ஒட்டி வரும்.

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் கட்டுரை, அதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "சிறு வயதிலிருந்தே ரேடியோவைப் பிரித்துப் பார்த்தேன்" என்று தொடங்கும் எஸ்.ஓ.பி.யை இந்தப் பதினான்கு வருடத்தில் குறைந்தது நாற்பது பார்த்திருப்பேன். எங்கள் ஊரில் அத்தனை ரேடியோ இல்லை.

எனக்குத் தெரிந்த பக்கம் பரிந்துரைக் கடிதம். மாணவன் தன் படிவத்தில் என் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டதும் எனக்கு ஒரு இணைப்பு வரும். திறந்தால், கடிதத்துக்கு முன் ஒரு கட்டம்: நீங்கள் கற்பித்தவர்களில் இந்த மாணவர் மேல் 2 சதவீதத்திலா, 5-இலா, 10-இலா, 25-இலா? அறிவுத்திறன், எழுத்து, விடாமுயற்சி, நேர்மை என்று வரிசையாக. மாணவன் தன் பக்கம், இந்தக் கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கட்டத்தில் தட்டியிருப்பான். 1974-இல் வந்த அமெரிக்கக் கல்விப் பதிவுகள் சட்டத்தில் இருக்கும் உரிமை அது. தட்டுவதுதான் வழக்கம், தட்டாவிட்டால் கடிதத்துக்கு எடை குறையும்.

நம் கல்லூரிகளில் நடப்பது வேறு. "நீயே டிராஃப்ட் பண்ணிக் கொண்டா, நான் அப்லோடு பண்றேன்" என்போம். நானும் முதல் ஐந்தாறு வருடம் அப்படித்தான் செய்தேன். எச்.ஓ.டி. கடிதம், ப்ராஜெக்ட் கைடு கடிதம், என் கடிதம் மூன்றையும் ஒரே பையன் ஒரே இரவில் எழுதினால் மூன்றிலும் ஒரே "ஹார்ட்வொர்க்கிங்", ஒரே "டீம் பிளேயர்". படிக்கிறவருக்கு இது தெரியாமலா போகும்? இப்போது ஒரு பக்கத் தாள் மட்டும் கேட்கிறேன். என்னிடம் எந்தப் பாடம் படித்தாய், ப்ராஜெக்டில் எந்தப் பாகம் உன் கை, எங்கே சொதப்பினாய், எப்படிச் சரி செய்தாய். சொதப்பியதை எழுதத்தான் தயங்குவார்கள். எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில் ஒரு மாணவனுக்கு எட்டுக் கடிதம் ஒப்புக்கொண்டேன். ஏழு இணைப்பு வந்தது, ஏழும் ஏற்றினேன். எட்டாவது ஸ்பாமில் கிடந்தது. அவன் "மேம், ஒன்னு மட்டும் பெண்டிங்னு காட்டுது" என்று கேட்கக் கூச்சப்பட்டு, கிறிஸ்துமஸ் முடிந்துதான் கேட்டான். ஏற்றினேன். அங்கிருந்து வந்தது நிராகரிப்பு. கடிதம் தாமதமானதால்தானா என்று யாரிடம் போய்க் கேட்பது? பிள்ளைகளே, ஸ்டாஃபிடம் நினைவூட்டக் கூச்சப்படாதீர்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை. நாங்கள் திட்டினால் திட்டிக்கொள்கிறோம்.

கடைசித் தேதி என்றதும் ஒரு சின்னக் கணக்கு. டிசம்பர் 15 இரவு 11.59 கிழக்கு அமெரிக்க நேரம் என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை 10.29. மேற்குக் கரை என்றால் மதியம் 1.29. ஜெர்மனியின் ஜூலை 15 இரவு நமக்கு மறுநாள் அதிகாலை 3.29-க்கே முடிந்துவிடும்.

சேர்க்கை கிடைத்தாலும் விசா தனி அத்தியாயம். 2025 மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதுத் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்திவைத்தன. ஜூனில் திறந்தபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னார்கள். அந்த வாரங்களில் என்னிடம் தினமும் போன் செய்த ஓர் அப்பாவுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டணத்தை லோனில் கட்டுகிறவர்கள் இந்த நிச்சயமின்மையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனிஷியல்

மூன்று வழியிலும் முதல் கட்டத்திலேயே தமிழர்களை நிறுத்துவது பெயர். மார்க் ஷீட்டில் "மீனா கே" என்று இருக்கும். ஆதாரில் "கே மீனா". பாஸ்போர்ட்டில் பெயர் மீனா, குடும்பப் பெயர் கிருஷ்ணன்; அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலி. நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை என்பதைக் கணினி ஒப்புக்கொள்ளாது, சிவப்பு நட்சத்திரம் போட்டு மறித்து நிற்கும். உடனே ஒற்றை எழுத்து "கே"-வைப் போட்டுவிட்டு நகர்வார்கள். ஜி.ஆர்.இ.யையும் அதே "கே"-வோடு பதிந்துவிட்டுத் தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டும்போது பெயர் பொருந்தாமல் போகும்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை "எஃப்.என்.யு. மீனா" ஆகிவிடும். வெளிநாடு என்ற எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. அதன் பிறகு எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட் எப்படியோ அப்படி. கேட்டுக்கு மட்டும் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, தேர்வுக்கு எடுத்துப்போகும் அடையாள அட்டையோடு பொருந்தினால் போதும்.

மூன்றையும் ஒரே வருடத்தில் செய்யலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான். நாள்காட்டியைப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. அமெரிக்கக் கடைசித் தேதிகள் டிசம்பர் முதல் பாதியில் குவியும். கேட் பிப்ரவரியில், அதற்கு உருப்படியாகப் படிக்கும் காலமும் நவம்பர், டிசம்பர்தான். அமெரிக்காவும் கேட்டும் ஒன்றையொன்று மிதிக்கும். இரண்டையும் எடுத்தவர்களில் எஸ்.ஓ.பி.யும் சரியாக வராமல், கேட் மதிப்பெண்ணும் வராமல் ஜனவரியில் வந்து நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேட்டும் ஜெர்மனியும் மிதிக்காது. மார்ச்சில் கேட் முடிவு தெரிந்துவிடும். அது சரியில்லை என்றால் ஜூலை 15 தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மியூனிக் மாதிரி பல படிப்புகளுக்கு மே 31-இலேயே மூடிவிடுவார்கள் என்பதையும், ஏ.பி.எஸ்.ஸை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதையும் மறக்காமல் இருந்தால் போதும். சீட்டாவும் கேட்டும் இன்னும் சுலபம், படிப்பது ஏறக்குறைய ஒன்றே.

என் சாய்வை மறைக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வருகிறவர்கள் எல்லோரையும் கேட் எழுதச் சொல்கிறேன். 2,000 ரூபாய்க்கு மூன்று வருடம் செல்லும் டிக்கெட் வேறு எங்கே கிடைக்கும்? சி.ஜி.பி.ஏ. முதல் செமஸ்டரிலிருந்து சீராக இருந்து, பட்டத்துக்கும் போகிற படிப்புக்கும் நேர் கோடு இருந்து, 12 லட்சத்தைத் திரட்ட முடிந்தால் ஜெர்மனி நல்ல கணக்கு. அமெரிக்காவுக்கு, உன்னைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கும் மூன்று ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேட்பேன். இருந்தால், ஒரு ப்ராஜெக்டைப் பற்றிப் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் பேச முடிந்தால், விண்ணப்பிக்கலாம். ஆனால் குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துத்தான் லோன் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். அப்பாக்களுக்கு என் மேல் வருத்தம் வரும், பரவாயில்லை.

கன்சல்டன்சிக்குப் போவதா என்றும் கேட்பார்கள். இலவசம் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலையிலிருந்து கமிஷன் வரும். கமிஷன் தராத இடத்தை அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? ஜெர்மன் அரசுப் பல்கலை கேட்டுப் போனவனைத் தனியார் கல்லூரிக்குத் திருப்பிவிட்ட கதை எங்கள் துறையிலேயே இருக்கிறது. காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கப் பணம் வாங்கினால் அது ஒரு சேவை, வேண்டுமானால் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும், அவர்கள் திறந்து கொடுத்ததாக வேண்டாம்.

அந்த ஆகஸ்டில் வந்த மூவரில், கேட் கேட்டவள் எழுதினாள், ஏப்ரலில் ஓ.பி.சி. சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடந்தாள், இப்போது ஒரு என்.ஐ.டி.யில் வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) படிக்கிறாள். அமெரிக்கா கேட்டவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்கிறான். ஜெர்மனிக்காரன் போன வாரம் பாஸ்போர்ட் படிவத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தான்.

"மேம், சர்நேம்ல அப்பா பேரைப் போடவா, ஊர் பேரைப் போடவா?"

"உங்க அப்பா பாஸ்போர்ட்ல என்ன இருக்கு?"

"அவருக்குப் பாஸ்போர்ட்டே இல்ல மேம்."

அப்பா பெயரையே போடச் சொன்னேன். எழுத்துக்கூட்டலை மட்டும் வீட்டுக்குப் போய் அப்பாவின் ஆதாரைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு "எச்" கூடினால் அப்புறம் ஏ.பி.எஸ்.ஸில் மாட்டும்.